மங்கு தேடிய சீமாட்டி

1822ஆம் ஆண்டில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நாட்குறிப்பு எழுதத் தொடங்கினாள். அந்தப் பழக்கம் அவளிடம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நீடித்தது. அவள் பெயர் சார்லட். 1812ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள், இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வட்டாரத்தில் அஃபிங்டன் என்ற ஊரில் பிறந்தவள். தந்தை லிண்ட்சே பிரபு. பெரிய மாளிகை, வேலையாள்கள், தோட்டம் என்று எல்லாம் இருந்தன. ஆனால், அவளுக்கு ஆறு வயது இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். வீட்டுக்கு வந்த சிற்றப்பாவை அவளுக்குப் பிடிக்கவில்லை.

தனிமையில் வளர்ந்த சார்லட்டுக்குப் புத்தகங்களே துணையாயின. அக்காலத்துப் பிரபுக்கள் குடும்பத்தில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அரிது. பல்கலைக்கழகக் கதவுகளோ பெண்களுக்குத் திறக்கப்படவே இல்லை. தம்பிகளுக்குப் பாடம் சொல்ல வந்த ஆசிரியரிடமே அவரும் இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மொழிகளைக் கற்றார். அது போதாதென்று அரபு, ஹீப்ரு, பாரசீகம் ஆகியவற்றைத் தாமாகவே படித்தார். யாரும் அவரைப் படிக்கச் சொல்லவில்லை. தேர்வு எழுதவும் வாய்ப்பில்லை. ஆர்வம் ஒன்றுதான் அவரை உந்தியது.

1833இல், 21ஆம் வயதில், அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகன் ஜான் ஜோசையா கெஸ்ட், வேல்ஸ் நாட்டின் மெர்தர் டிட்வில் நகருக்கு அருகே, டவ்லைஸ் என்னும் இடத்தில் இருந்த இரும்பாலையின் முதலாளி. அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். வயதில் மனைவியைவிட 27 ஆண்டுகள் மூத்தவர். பிரபுவின் மகள் ஒரு வணிகரை மணப்பதா என்று உறவினர் சிலர் முகம் சுளித்தனர். சார்லட் அதைப் பொருட்படுத்தவில்லை.

டவ்லைஸ் இரும்பாலை 1840களில் உலகின் மிகப் பெரிய இரும்பாலையாக விளங்கியது. பல நாடுகளில் போடப்பட்ட ரயில் தண்டவாளங்கள் அங்கே உருவாயின. இரவெல்லாம் உலைகள் எரியும். வானம் சிவந்து கிடக்கும். சார்லட் மாளிகைக்குள் முடங்கிக் கிடக்கவில்லை. கணவரின் அலுவலகத்தில் அமர்ந்து கடிதங்களைக் கவனித்தார், கணக்குகளைச் சரிபார்த்தார், இரும்பு உருக்கும் முறை பற்றிய பிரெஞ்சு நூல் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இதற்கிடையே பதின்மூன்று ஆண்டுகளில் பத்துக் குழந்தைகளுக்குத் தாயானார்.

அந்த ஊர் மக்கள் பேசிய மொழி வேல்ஷ். ஆளும் வர்க்கத்தினர் பலர் அதை ஏழைகளின் மொழி என்று ஒதுக்கிவைத்திருந்தனர். சார்லட் அதைக் கற்கத் தொடங்கினார். பேசுவதோடு நிற்காமல், இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளில் உறங்கிக் கிடந்த வேல்ஷ் கதைகளை, அறிஞர்கள் சிலரின் உதவியோடு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1838 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அந்நூல், 1849இல் மூன்று தொகுதிகளாக நிறைவுற்றது. மாபினோகியன் என்ற பெயரில் அக்கதைகள் உலகெங்கும் அறியப்பட்டதற்கு அவருடைய நூலே காரணம். ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் அதிலிருந்து கதைக்கரு எடுத்துக்கொண்டார். சார்லட் தம் மகள்களில் ஒருத்திக்கு ஈனிட் என்று பெயர் வைத்ததும் அந்தக் கதைகளில் வரும் பெண்ணின் நினைவாகத்தான்.

டவ்லைஸ் வாழ்க்கைக்கு இருண்ட பக்கமும் உண்டு. தொழிலாளர்கள் நெருக்கடியான வீடுகளில், நல்ல குடிநீர் இல்லாமல் வாழ்ந்தனர். 1849இல் மெர்தர் டிட்வில் பகுதியில் பரவிய காலரா 1,400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. சார்லட் பள்ளிகள் நிறுவினார். பெரியவர்களுக்கும் வகுப்புகள் நடத்த ஏற்பாடு செய்தார். ஆனால், 1852இல் கணவர் இறந்தபின், ஆலையின் பொறுப்பு அவர் கைக்கு வந்ததும் நிலைமை சிக்கலானது. 1853இல் தொழிலாளர்கள் கூடுதல் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது அவர் இணங்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டியவரும் அவரே, கூலியை உயர்த்த மறுத்தவரும் அவரே. அவரைப் பற்றி எழுதுபவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் அவர் வாங்கிக் குவித்த பொருள்களுக்கான செல்வமும் அந்த உலைகளிலிருந்தே வந்தது.

1855இல் சார்லட் மீண்டும் திருமணம் செய்துகொண்டார். சார்ல்ஸ் ஷ்ரைபர் என்ற அந்த மனிதர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர். சார்லட்டின் மூத்த மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவர். அவரைவிட 14 வயது இளையவர். ஊர் வாய் சும்மா இருக்குமா? முன்பு கணவரின் தொழிலைக் குறைகூறியவர்கள் இப்போது வயதைக் குறைகூறினர். இத்திருமணத்தோடு டவ்லைஸ் நிர்வாகத்திலிருந்து சார்லட் விலகினார். அன்றுமுதல் அவர் சார்லட் ஷ்ரைபர்.

1860களின் நடுப்பகுதி. பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். சார்லட்டுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்தக் காலக்கட்டத்தில்தான் கணவனும் மனைவியுமாக மங்கு தேடப் புறப்பட்டனர்.

மங்கில் தேடுவதற்கு அப்படி என்ன இருக்கிறது? அன்றைய செல்வந்தர்களும் பீங்கான் சேகரித்தனர். ஆனால், அவர்கள் விரும்பியவை சீனப் பீங்கான், ஜெர்மனியின் மைசன், பிரான்சின் செவ்ர் போன்ற விலையுயர்ந்த வகைகள். ஷ்ரைபர் தம்பதியர் இங்கிலாந்தில் செய்யப்பட்ட பாண்டங்களைத் தேடினர். அவற்றில் செல்சி, பௌ, வூஸ்டர் ஆகிய இடங்களின் அழகிய பீங்கான் பொருள்களும் இருந்தன. அவற்றோடு, சாதாரணக் களிமண்ணால் ஆன ஸ்டாஃபர்ட்ஷயர் பாண்டங்களுக்கும் அவர்கள் இடம் கொடுத்தனர். அந்தப் பாண்டங்கள் அரண்மனை அலமாரியிலும் இருந்தன, கடைக்காரர் வீட்டுச் சமையலறையிலும் இருந்தன. அவற்றின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் சார்லட் எதைத் தேடினார் என்பது புரியும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ளது ஸ்டாஃபர்ட்ஷயர். அங்கே களிமண்ணும் நிலக்கரியும் அருகருகே கிடைத்தன. குயவர்கள் பல தலைமுறைகளாகப் பழுப்பு நிறப் பானைகளையும் சாடிகளையும் செய்துவந்தனர். சீனாவிலிருந்து கப்பல்களில் வந்த வெள்ளைப் பீங்கானைக் கண்டதும் மக்களின் கண் அதன்மேல் போயிற்று. அதை வாங்க எல்லாரிடமும் பணம் இல்லை. வெள்ளையாகவும் இருக்க வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும் என்ற தேவை குயவர்களைச் சோதனைகளில் இறங்கச் செய்தது.

டெவன், டோர்செட் ஆகிய தென்பகுதிகளிலிருந்து வெளிர் நிறக் களிமண்ணை வரவழைத்தனர். சக்கிமுக்கிக் கல்லைச் சுட்டுப் பொடியாக்கி அதனுடன் கலந்தனர். இதனால் பாண்டம் வெளுப்பாகவும் உறுதியாகவும் அமைந்தது. முதலில் ஒருமுறை சூளையில் சுட்டு, பிறகு ஈயம் கலந்த நீர்மத்தில் முக்கி மறுமுறை சுட்டனர். அந்தப் பூச்சு உருகிக் கண்ணாடிபோல் படிந்தது. இப்படிக் கிடைத்த பாண்டம் பாலேட்டின் நிறத்தில், மெல்லியதாக, கையில் எடுத்தால் கனம் தெரியாமல் இருந்தது. பாலேட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டே அதற்குக் கிரீம்வேர் என்று பெயர் வந்தது. ஈயப் பூச்சில் நாள்தோறும் கைவைத்த தொழிலாளர்கள் ஈய நச்சுக்கு ஆளானார்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது.

கிரீம்வேரைச் செம்மைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் ஜோசையா வெட்ஜ்வுட். குயவர் குடும்பத்தின் கடைக்குட்டி. சிறுவயதில் வந்த பெரியம்மை அவருடைய வலக்காலைப் பலவீனமாக்கியது. காலால் மிதித்துச் சுழற்றும் குயவர் சக்கரத்தில் நெடுநேரம் உழைக்க அவரால் முடியவில்லை. எனவே, மண் கலவையிலும் பூச்சிலும் கருத்தைச் செலுத்தினார். ஒவ்வொரு சோதனையையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1765இல் அவர் செய்த தேநீர்ப் பாண்டத் தொகுதி அன்றைய அரசிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அரசியின் பெயரும் சார்லட்தான்! அதுமுதல் தம் கிரீம்வேரை அரசியின் பாண்டம் என்ற பெயரிலேயே வெட்ஜ்வுட் விற்றார். அரசி சாப்பிடும் அதே வகைத் தட்டு நம் வீட்டிலும் இருக்கட்டும் என்று நடுத்தரக் குடும்பங்கள் நினைத்தன. விளம்பரத்தின் ஆற்றலை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1773இல் ரஷ்யப் பேரரசி கேத்தரின், பெரும் விருந்துத் தொகுதி ஒன்றைச் செய்யச் சொன்னார். 952 பாண்டங்கள். அவற்றின்மேல் பிரிட்டனின் கோட்டைகள், ஆறுகள், தோட்டங்கள் என 1,222 காட்சிகள் கையால் தீட்டப்பட்டன. தவளைச் சதுப்பு என்று பொருள்படும் பெயர்கொண்ட இடத்தில் இருந்த அரண்மனைக்காக அவை செய்யப்பட்டன. அதனால், ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைத் தவளையும் இடம்பெற்றது. பேரரசிக்குப் போன அந்தத் தட்டுகளும் பாலேட்டு நிறக் களிமண்ணால் ஆனவையே.

லிவர்பூலில் சாட்லர், கிரீன் என்ற இருவர் பாண்டங்களில் படம் அச்சிடும் முறையைத் தொழிலாக்கினர். செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை தடவி, மெல்லிய தாளில் எடுத்து, அதைப் பாண்டத்தின்மேல் ஒட்டி மாற்றுவது அம்முறை. 1756இல் ஆறு மணி நேரத்தில் 1,200க்கும் மேற்பட்ட ஓடுகளில் அச்சிட்டதாக அவர்கள் உறுதிமொழி கொடுத்தனர். ஓவியர் ஒருவர் ஒரே ஓட்டில் கண்ணும் கருத்துமாக உழைக்கும் நேரத்தில் அச்சு எங்கோ போய்விட்டது. பின்னர் வெட்ஜ்வுட் தம் தட்டுகளை வண்டியில் ஏற்றி லிவர்பூலுக்கு அனுப்பி, படம் அச்சிட்டு வரவழைத்தார்.

சிறிது காலத்தில் மக்களுக்குப் பாலேட்டு நிறமும் சலித்தது. இன்னும் வெள்ளை வேண்டும் என்றனர். வெள்ளைத் துணியை வெளுத்தபின் அதற்கு நீலம் போடுவார்கள் அல்லவா? குயவர்களும் அதையே செய்தனர். மண் கலவையில் வெண்களிமண்ணைக் கூட்டி, பூச்சில் மிகச் சிறிதளவு கோபால்ட் நீலம் சேர்த்தனர். மஞ்சள் சாயல் மறைந்து, முத்துப் போன்ற நீல வெண்மை வந்தது. 1779இல் வெட்ஜ்வுட் தம் புதிய பாண்டத்திற்கு முத்து வெள்ளை என்று பெயரிட்டார். இவ்வகை முழுவதையும் இன்று பெர்ல்வேர் என்கிறார்கள். ஓரத்தில் கிளிஞ்சல் விளிம்புபோல் வரிவரியாக நீலமோ பச்சையோ தீட்டிய பெர்ல்வேர் தட்டுகள் கடல் கடந்து அமெரிக்கா வரை போயின. அலங்காரம் உள்ள தட்டுகளில் அவையே மலிவானவை.

வெட்ஜ்வுட்டைப் பின்பற்றி லீட்ஸ், லிவர்பூல், பிரிஸ்டல், சுவான்சி என்று பல ஊர்களில் குயவர்கள் இவற்றைச் செய்தனர். விளிம்பில் சிறுசிறு துளைகள் இட்டுப் பூவேலைபோல் அமைப்பதில் லீட்ஸ் பெயர்பெற்றது. பெரும்பாலான குயவர்கள் பாண்டத்தின் அடியில் தங்கள் பெயரைப் பொறிக்கவில்லை. நூறு ஆண்டுகள் ஓடின. தினமும் புழங்கும் தட்டு உடையத்தானே செய்யும்! உடைந்தவை குப்பைக்குப் போயின. தப்பியவை, யார் செய்தது, எங்கே செய்தது என்று தெரியாமல் பழம்பொருள் கடைகளின் மூலைகளில் தூசி படிந்து கிடந்தன. சார்லட் வந்து பார்த்தபோது நிலைமை இதுதான்.

அவர்கள் இங்கிலாந்தில் மட்டும் தேடவில்லை. நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின், போர்ச்சுகல் என்று ஆண்டுதோறும் பயணம் செய்தனர். மகள் ஈனிட்டின் கணவர் லேயர்ட், பழைய அசிரிய நகரங்களை அகழ்ந்து புகழ்பெற்றவர். பின்னாளில் மாட்ரிட்டிலும் கான்ஸ்டான்டினோப்பிளிலும் பிரிட்டனின் தூதராகப் பணியாற்றினார். மகளைப் பார்க்கப் போன இடங்களிலும் சார்லட்டின் கால்கள் பழம்பொருள் கடைகளைத் தேடிச் சென்றன.

ஆங்கிலத் தட்டை நெதர்லாந்தில் தேடுவது விந்தையாகத் தோன்றலாம். அதற்குக் காரணம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரீம்வேர் பெருமளவில் அந்நாட்டுக்கு ஏற்றுமதியானது. டெல்ஃப்ட் நகரத்தின் புகழ்பெற்ற நீல வெள்ளைப் பாண்டத் தொழில் நலிந்ததற்கு அந்த ஆங்கிலத் தட்டுகளும் ஒரு காரணம். இங்கிலாந்திலிருந்து வெறுமையாக வந்த தட்டுகளில் டச்சு ஓவியர்கள் தங்கள் இளவரசரின் உருவத்தையும் விவிலியக் காட்சிகளையும் தீட்டி விற்றனர். எனவே, மண்ணும் பூச்சும் ஆங்கிலம், ஓவியம் டச்சு. இப்படிப்பட்ட ஒரு தட்டைக் கையில் எடுப்பவர் அதை எந்த நாட்டுப் பொருள் என்பார்? கடைக்காரர்களுக்கே பல வேளைகளில் குழப்பம். தெரிந்தவர் கண்ணுக்கு அது புலப்படும். விலையும் குறைவாக இருக்கும்.

அந்தத் தேர்ச்சி சார்லட்டுக்கு ஒரே நாளில் வரவில்லை. அப்போது ஆங்கிலப் பாண்டங்களைப் பற்றிய நூல்கள் மிகக் குறைவு. ஆயிரம் தட்டுகளைத் தொட்டுப் பார்த்தவரின் விரல்களே அவருக்கு நூலாயின. தட்டைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடிவளையத்தின் உட்புறத்தில் பூச்சு சற்றுத் தடித்துத் தேங்கியிருக்கும். அங்கே மஞ்சளோ இளம்பச்சையோ தெரிந்தால் அது கிரீம்வேர். நீலம் தெரிந்தால் பெர்ல்வேர். பெயர் பொறித்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கனம், விளிம்பின் வெட்டு, கைப்பிடி வளைந்த விதம் ஆகியவற்றை ஏற்கெனவே தெரிந்த பாண்டங்களோடு ஒப்பிட வேண்டும். பிரிட்டிஷ் அரும்பொருளகத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் ஃபிராங்ஸ் என்ற அறிஞர் அவர்களுடைய நண்பர். ஐயம் எழுந்தபோது கலந்து பேச அவர் இருந்தார்.

ஒரு நகரத்தில் இறங்கினால் ஒரே நாளில் பல கடைகள் ஏறி இறங்குவார்கள். ஒன்றும் கிடைக்காத நாள்களும் உண்டு. எங்கே போனார்கள், எதைக் கண்டார்கள், என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதை அன்றன்று இரவே சார்லட் நாட்குறிப்பில் எழுதிவிடுவார். இரும்பாலையில் கணக்குப் பார்த்த அதே கைதானே! இன்று ஆய்வாளர்களுக்கு அந்தக் குறிப்புகள் பெரும் உதவியாக இருக்கின்றன. ஒரு பழம்பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பது தெரிந்தால்தான் அது போலியா உண்மையா என்று துணிய முடியும்.

பணம் இருந்தால் யாரும் வாங்கிக் குவிக்கலாம் என்று சிலர் எண்ணக்கூடும். சார்லட்டிடம் பணம் இருந்தது உண்மை. ஆனால், அவர் செலவழித்ததில் பணத்தைவிடப் பொறுமையே மிகுதி. வேல்ஷ் சுவடிகளில் எப்படிச் சொல் சொல்லாகப் பொருள் தேடினாரோ, அப்படியே இந்தத் தட்டுகளிலும் தேடினார்.

1884ஆம் ஆண்டு மார்ச் மாதம், போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் சார்ல்ஸ் ஷ்ரைபர் இறந்தார். இருபத்தொன்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர். இருபது ஆண்டுகள் உடன் தேடியவர். சார்லட்டுக்கு அப்போது வயது எழுபத்தொன்று. வீடு நிறையப் பாண்டங்கள். அவற்றை என்ன செய்வது?

வழக்கமான வழி ஒன்று இருந்தது. உரியவர் இறந்ததும் இத்தகைய சேகரிப்புகள் ஏலத்துக்குப் போகும். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு கைக்குப் போய்ச் சிதறும். அப்படிச் சிதறியிருந்தால், பெயர் பொறிக்காத தட்டுகள் மறுபடியும் பெயரற்ற தட்டுகளாகவே ஆகியிருக்கும். அவற்றை அடையாளம் காட்டியது, பக்கத்தில் இருந்த மற்றத் தட்டுகளோடு செய்த ஒப்பீடு அல்லவா? பிள்ளைகளுக்குப் பங்கு வைப்பது இன்னொரு வழி. அதிலும் விளைவு இதுவே.

சார்லட் இந்த இரண்டையும் தேர்ந்தெடுக்கவில்லை. கணவரின் நினைவாக, ஆங்கிலப் பாண்டங்களின் சேகரிப்பை 1884இல் லண்டன் சவுத் கென்சிங்டன் அரும்பொருளகத்திற்குக் கொடையாக அளித்தார். கொடுப்பதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் வகைப்படுத்தி, எங்கே செய்யப்பட்டது என்பதைக் குறித்து, பட்டியல் தயாரித்தார். பீங்கான், மண்பாண்டம், எனாமல் என்று பிரித்த அந்தப் பட்டியல் 1885இல் நூலாக வெளிவந்தது. நூலின் தலைப்பில் கணவரின் பெயரே முதலில் இடம்பெற்றது. துக்கத்தில் இருந்த ஒருவர் இத்தனை நுணுக்கமான வேலையை இவ்வளவு விரைவாக முடித்தது வியப்புக்குரியது. ஒருவேளை அந்த வேலையே அவருக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கலாம்.

அதன் பிறகும் அவர் ஓயவில்லை. கைவிசிறிகளையும் சீட்டுக்கட்டுகளையும் சேகரித்து, அவற்றைப் பற்றிப் பெரிய படநூல்களை வெளியிட்டார். விசிறிகளை 1891இல் பிரிட்டிஷ் அரும்பொருளகத்திற்கு அளித்தார். சீட்டுக்கட்டுகளும் பின்னர் அங்கேயே போய்ச் சேர்ந்தன.

தட்டின் அடியில் நீலமா மஞ்சளா என்று பிரித்தறிந்த கண்கள் மெல்ல மங்கத் தொடங்கின. 1891இல் நாட்குறிப்பு நின்றுபோனது. எழுதவும் படிக்கவும் இயலாத நிலையில் அவர் பின்னல் ஊசிகளைக் கையில் எடுத்தார். அக்காலத்தில் லண்டன் குதிரைவண்டி ஓட்டுநர்கள் மழையிலும் பனியிலும் திறந்த இருக்கையில் அமர்ந்து வண்டி ஓட்டினர். அவர்களுக்காகச் சிவப்புக் கம்பளிக் கழுத்துத் துணிகளைப் பின்னினார். பின்னுவதற்குப் பார்வை கட்டாயமில்லை, விரல்கள் போதும். அவர்கள் ஒதுங்கி இளைப்பாறும் கொட்டகைகள் அமைவதிலும் அக்கறை காட்டினார்.

1895ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், டோர்செட் வட்டாரத்திலுள்ள கேன்ஃபர்ட் மாளிகையில் சார்லட் ஷ்ரைபர் காலமானார். தாயார் மங்கு தேடிய ஆண்டுகளின் நாட்குறிப்புகளை மகன் மான்டேகு தொகுத்தார்; அவை 1911இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. அவரும் தாயாரைப்போல் ஒரு சேகரிப்பாளரே. நாடக அரங்குகளிலும் பூங்காக்களிலும் நுழைவுச்சீட்டாகப் பயன்பட்ட உலோக வில்லைகளைத் தேடிச் சேர்த்தவர்.

சவுத் கென்சிங்டன் அரும்பொருளகம் 1899 முதல் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகம் என்று அழைக்கப்படுகிறது. சார்லட் கொடுத்த பாண்டங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அரும்பொருளகப் பதிவில் அவற்றின் எண்கள் 414 என்று தொடங்கி 1885 என்று முடிகின்றன. இடையில் வரும் எண் மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் வேறுபடும்.